கூட்டம் சேர்ந்த செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊர்க் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் இந்த வருடப் பக்கத்தைப் புரட்டினால், "அவைத் தலைவராக எல்வுட் டாகெட் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். எழுதியவள் நான்தான். இருபத்தாறு வருடமாக ஈஸ்ட் கார்விக்கின் ஊர் எழுத்தர் பெர்னிஸ் கோல்பர்ன் என்றால் வெர்மான்ட்டின் இந்த மூலையில் எல்லோருக்கும் தெரியும். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை ஓட்டு என்பதோடு பேனாவை மூடிவிட வேண்டும். யார் முகம் எப்படிப் போனது என்பதற்கெல்லாம் குறிப்பேட்டில் இடம் கிடையாது. அந்த மிச்சத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எல்வுட் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம். மற்றப் பையன்கள் பேஸ்பால் அட்டை சேர்த்த வயதில் அவன் முள்கம்பித் துண்டு சேர்த்தான். எந்தப் பண்ணை வேலியில் எந்த மாதிரி முடிச்சு என்று துண்டு துண்டாக வெட்டி, அட்டையில் தைத்து, அடியில் பண்ணைக்காரர் பெயரை எழுதி வைப்பான். மாடுகள் வெளியே வர ஆரம்பித்ததும் அவன் அப்பா அந்தப் பொழுதுபோக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்து அவன் பிடித்துக்கொண்டது பெரியவர்களின் பேச்சை நேரம் பார்ப்பது. அவன் அப்பா வருடா வருடம் நடக்கும் விவசாயச் சந்தையின் குதிரைப் பந்தயத்தில் நேரம் பார்ப்பவர். அவருடைய ஸ்டாப் வாட்ச் வருடத்தில் பதினோரு மாதம் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும். எல்வுட் அதை எடுத்துக்கொண்டு வந்து அமுக்குவான், நான் நோட்டில் எழுதுவேன். "சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்" என்று ஆரம்பித்தவர்களுக்கு ஒரு பக்கம், "கடைசியாக ஒன்று" என்றவர்களுக்கு ஒரு பக்கம். பாதிரியார் ஒருவர் "முடிவாக" என்று சொன்ன பிறகு பதினெட்டு நிமிடம் நாற்பது நொடி பேசினார். அதை யாரும் முறியடிக்கவில்லை.

அந்த விளையாட்டில் வாட்ச் பிடித்தவன் நகைச்சுவைக்காரன் ஆனான், நோட்டுப் பிடித்தவள் எழுத்தர் ஆனாள். நாற்பத்தெட்டு வருடம் அவன் மேடையில் நின்றிருக்கிறான். சந்தையில் கன்றுக்குட்டிப் போட்டிக்கும் டிராக்டர் போட்டிக்கும் நடுவில் நிற்பான். தீயணைப்புப் படை விருந்தில் நிற்பான். ஒரு முறை பாஸ்டன் தொலைக்காட்சியில் ஆறு நிமிடம் நின்றான். அந்தக் காலத்தில் முந்நூறு நாற்காலி போட்டால் சுவரோரம் இன்னும் ஐம்பது பேர் நிற்பார்கள். பிறகு இருநூறு ஆயிற்று, எண்பது ஆயிற்று. இதற்கு அவன் சொல்லும் காரணம் ஆளுக்குத் தகுந்தபடி மாறும். என்னிடம் தொலைக்காட்சியைக் குறை சொல்வான், தபால்காரரிடம் கைப்பேசியை. ரசிகர்களெல்லாம் செத்துப் போய்விட்டார்கள் என்று மனைவி லோரெய்னிடம் சொன்னானாம். "செத்தவங்க கொஞ்சப் பேருதான். மிச்சப் பேரு வீட்டுல உயிரோட உக்காந்திருக்காங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

உண்மையான காரணம் அவனுக்கும் தெரியும். முன்பெல்லாம் அவன் இரண்டு கட்சியையும் கிண்டல் செய்வான். இந்தப் பக்கத்தை அடித்தால் அந்தப் பக்கம் சிரிக்கும், அந்தப் பக்கத்தை அடித்தால் இந்தப் பக்கம். யாருக்கும் வலிக்காது. ஆறேழு வருடத்துக்கு முன்பு அது நின்றுபோயிற்று. ஒரு ஜோக் சொன்னால் பாதிப் பேர் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சமன் செய்யலாம் என்று மறுபக்கத்தைப் பற்றி ஒன்று சொன்னால் மீதிப் பேரும் எழுந்தார்கள். சரி என்று அரசியலை விட்டான். வானிலையைப் பிடித்தான், அதுவும் அரசியல் ஆகிவிட்டது. பாலைப் பற்றிப் பேசினான். பசும்பால் குடிக்கிறவர்களுக்கும் ஓட்ஸ் பால் குடிக்கிறவர்களுக்கும் அடிதடி வராத குறை. விறகு அடுப்பு, மீன் பிடித்தல், மின்சாரக் கார் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, கடைசியில் அவன் கையில் மிஞ்சியது அவனுடைய முழங்கால் வலி ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் முழங்காலை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சிரிக்க வைக்க முடியும்?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நூலகத்தில் அவன் நிகழ்ச்சி. நாற்பது நாற்காலியில் ஒன்பது பேர். அதில் ஒருத்தி நான், ஒருத்தி லோரெய்ன். இரண்டு பேர் வருமான வரிப் படிவம் நிரப்ப உதவி கிடைக்கும் என்று நாள் மாறி வந்துவிட்டவர்கள், மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். எல்வுட் முழங்காலில் ஆரம்பித்தான். அறுவை சிகிச்சைக்கு எட்டு மாதம் காத்திருந்த கதைக்கு வந்ததும், முன்வரிசையில் ஒருவர் மருத்துவக் காப்பீட்டை யார் கெடுத்தார்கள் என்று பக்கத்து ஆளிடம் கேட்க, அவர் பதில் சொல்ல, ஐந்து நிமிடத்தில் இருவரும் வேறு வேறு வாசல் வழியாக வெளியேறினார்கள். மிச்சம் ஏழு.

எல்வுட் முழங்காலை அத்தோடு விட்டான். பிறகு முள்கம்பி சேர்த்த கதையைச் சொன்னான். பெரியவர்கள் பேச்சை நேரம் பார்த்த கதையையும் சொன்னான். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது, ஆனால் அந்தக் கதையில் நானும் இருக்கிறேன், அதனால் என் சிரிப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது. வரிப் படிவக்காரர்களில் ஒருவர் புன்னகைத்தார். லோரெய்ன் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கும்போது அவன் என்னிடம் சொன்னான்: "இத்தோட போதும் பெர்னி. நான் யாரையும் நோகடிக்காம இருக்கறதுக்குன்னு ஒவ்வொரு ஜோக்கா தூக்கிப் போட்டேன். இப்ப மேடையில நான் மட்டும்தான் மிச்சம். அடுத்து என்னையே தூக்கிப் போடறதுதான் பாக்கி."

மிச்ச நாற்காலிகளை நான் அடுக்கினேன். அவன் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அன்றே தீயணைப்புப் படைக்குக் கொடுத்துவிட்டான்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க் கூட்டம். ஊரில் ஓட்டுள்ளவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடி, சாலை, பாலம், பனி தள்ளும் வண்டி எல்லாவற்றையும் அங்கேயே பேசி, அங்கேயே ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம். வழக்கமாக எண்பது பேர் வருவார்கள். அன்று இருநூறு பேர். காரணம் பதினேழாவது தீர்மானம்.

பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பைக் குவித்து வைக்கிற கொட்டகைக்கு வண்ணம் அடிக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பெயின்ட் கடைக்காரர் சிவப்பு வண்ணத்தை நன்கொடையாகக் கொடுத்திருந்தார். பத்து வருடத்துக்கு முன்பு என்றால் இதை நிறைவேற்றப் பத்து நொடி ஆகியிருக்கும். ஆனால் இப்போது சிவப்பு என்றால் ஒரு கட்சி, நீலம் என்றால் இன்னொரு கட்சி. ஊர்ச் சொத்துக்குச் சிவப்பு அடிக்கக் கூடாது என்று ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை பாட்ரிஷியா ஹோல்ப்ரூக் ஆறு வாரமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். கொட்டகை என்றால் சிவப்புதான், என் தாத்தா காலத்திலிருந்து சிவப்புதான் என்று பால்பண்ணைக்காரர் டுவைட் கில்பெர்ட் அதே வீடுகளுக்கு மறுநாள் போய்க்கொண்டிருந்தார். இருவருக்கும் அடுத்தடுத்த நிலம். பொது வேலி. அவரவர் கட்சியின் தேர்தல் அட்டையை வீட்டு முற்றத்தில் நட்ட நாளிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

முப்பத்தொரு வருடமாக அவைத் தலைவராக இருந்த ஹோவர்ட் ஸ்டிக்னி அன்று காலை ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். "குரல் போய்விட்டது" என்று எழுதியிருந்தது. நிஜமாகவே போயிற்றா, பதினேழாவது தீர்மானத்தைப் பார்த்ததும் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. புதிய அவைத் தலைவருக்குப் பெயர் சொல்லுங்கள் என்று நான் கேட்டதும் கூடமே தரையைப் பார்த்தது.

பின்வரிசையிலிருந்து லோரெய்ன் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் மூணு வாரமா வீட்டுல சும்மா உக்காந்துட்டு என் சமையலறை அலமாரிய மாத்தி மாத்தி அடுக்கறார். குரல் நல்லா இருக்கு. எல்வுட் டாகெட் பேர நான் முன்மொழியறேன்."

டுவைட் உடனே ஆட்சேபித்தார். "அவன் ஜோக் அடிப்பான். இது விளையாட்டுக் காரியம் இல்ல."

பாட்ரிஷியாவும் அதே கருத்து என்றார், ஆனால் டுவைட் பக்கம் திரும்பாமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

எல்வுட் எழுந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "இங்க நான் ஒரு ஜோக்கும் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணித் தரேன். அப்படியே சொன்னாலும் பத்து வருஷமா யாரும் சிரிச்சதில்ல, அதனால கூட்டத்துக்கு ஒரு இடைஞ்சலும் வராது."

கூடம் சிரித்தது. இருநூறு பேர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே புல்லரித்தது. எல்வுட்டோ, யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். மரச் சுத்தியலைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து விதிப் புத்தகத்தைத் தவிர ஒன்றையும் பேசவில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். "நான்காவது தீர்மானம், கல்லறைத் தோட்டத்தின் விரிவாக்கம்" என்று வாசித்துவிட்டு, "இதற்குத் தேவை இருக்கிறதா என்று யாராவது பேசுகிறீர்களா?" என்றான். சிரிப்பு. ஒருவர் "கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பித்தபோது எல்வுட் ஒரு வார்த்தை பேசாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அது அவனுக்கு ஐம்பது வருடப் பழக்கம், தெரியாமல் செய்தது. சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பேசியவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பகல் பன்னிரண்டுக்குள் பதினாறு தீர்மானம் முடிந்துவிட்டது. ஹோவர்ட் காலத்தில் ஒன்பதைத் தாண்டியதில்லை. ஹோவர்ட் இன்னொரு துண்டுச் சீட்டு எழுதி எனக்கு அனுப்பினார். அதைக் குறிப்பேட்டில் சேர்க்கவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த பன்றி இறைச்சி, சுட்ட அவரை, ஆப்பிள் வைத்துச் சுட்ட பை என்கிற இனிப்பு எல்லாம் நீள மேசையில் இருந்தன. சிவப்புக்காரர்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள், நீலக்காரர்கள் மேடைப் பக்கம். ஆப்பிள் பை இருந்த அந்த நீள மேசை மட்டும் பொது. எல்வுட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, கூட்டம் உன் கையில இருக்கு, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றேன்.

"நாப்பத்தெட்டு வருஷம் ராத்திரி பகலா ஜோக் எழுதினேன் பெர்னி. ஒரு வரிக்கு முப்பது தடவை அடிச்சுத் திருத்தினேன். இன்னிக்கு இவங்க கல்லறைத் தோட்டத்துக்குச் சிரிக்கிறாங்க. அந்தத் தீர்மானப் பட்டியல யார் எழுதினது? நீ எழுதினது. அப்ப காமெடிக்காரி நீதான்."

நான் இறைச்சியை வெட்டிக்கொண்டே, உன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்றேன். இத்தனை வருடமாக மேடைக்கும் இதே முகத்தைத்தானே எடுத்துக்கொண்டு போனேன் என்றான். அவனுக்கு அது பெரிய மனக்குறையாகவே இருந்தது. ஆனாலும் இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டான்.

மதியம் ஒரு மணிக்குப் பதினேழாவது தீர்மானம். சிவப்பு அடிக்க வேண்டும் என்று டுவைட் முன்மொழிந்தார். 'சிவப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நீலம்' என்று போட வேண்டும் என்று பாட்ரிஷியா திருத்தம் கொண்டுவந்தார். பின்னாலிருந்து ஒருவர் பச்சை என்றார், அவரை இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு கொட்டகையைப் பற்றி யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடம், எல்லை, துப்பாக்கி, தடுப்பூசி என்று வாஷிங்டனில் இருப்பதெல்லாம் எங்கள் உப்புக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. டுவைட்டும் பாட்ரிஷியாவும் ஆறு வருடத்தில் முதல் முறையாக நேருக்கு நேர் நின்றார்கள்.

"நாலு தலைமுறையா எங்க குடும்பம் இந்த ஊர்ல மாடு கறக்குது டீச்சரம்மா. நிறத்தைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"உங்க பையனுக்கு நான் பாடம் எடுத்தேன் டுவைட். அவனுக்காவது புரிஞ்சுது."

யாரோ வாயை மூடு என்றார்கள். யாரோ நீ மூடு என்றார்கள். ஜன்னல் பக்கம் ஒருவர் கோட்டை எடுத்தார். அதைப் பார்த்து மேடைப் பக்கம் நாலு பேர் எடுத்தார்கள். இரும்பு நாற்காலிகள் பின்னுக்கு நகரும் அந்தக் கரகர சத்தத்தைக் கேட்டதும் எல்வுட்டின் தோள் தளர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எத்தனையோ ஊர்களில் அவன் கேட்டு வந்த சத்தம் அது.

அவன் சுத்தியலால் அடிக்கவில்லை. மைக்கைத் தள்ளி வைத்தான். "நாப்பத்தெட்டு வருஷத்துல என் நிகழ்ச்சியிலேர்ந்து எழுந்து போனவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. ஒருத்தரையும் நான் நிறுத்தினதில்ல. ஏன்னா அவங்க டிக்கெட் வாங்கினவங்க, போறதுக்கு உரிமை இருக்கு. இங்க ஒருத்தரும் டிக்கெட் வாங்கல. உக்காருங்க."

இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

நீலத் திருத்தத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. குரல் ஓட்டில் ஒன்றும் விளங்காததால் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினோம். நான் இரண்டு முறை எண்ணினேன், தணிக்கையாளர் ஒரு முறை எண்ணினார். ஆதரவு தொண்ணூற்றேழு. எதிர்ப்பு தொண்ணூற்றேழு. ஓட்டுப் போடாமல் மிச்சம் இருந்தது அவைத் தலைவர் ஒருவர்தான்.

சமம் என்றால் திருத்தம் தோற்றுப்போகும் என்பது விதி. அவைத் தலைவர் விரும்பினால் ஓட்டுப் போடலாம், கட்டாயமில்லை. நான் அவன் காதருகில் குனிந்து, "நீ வாயத் திறக்க வேண்டாம். சும்மா இருந்தாலே தானா முடிஞ்சுடும்" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

எல்வுட் எழுந்து நின்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

"எழுத்தர் அம்மா சொல்றாங்க, நான் பேசாம இருந்தாலே போதுமாம். சிவப்பு தங்கிடுமாம், யாரும் என்மேல கோவிச்சுக்க மாட்டாங்களாம். வாஸ்தவம்தான். ஆனா ஆறு வருஷமா நான் அதைத்தான் செஞ்சுட்டிருக்கேன். யாரும் கோவிச்சுக்கக் கூடாதுன்னு பேசாம இருந்து, பேசாம இருந்து, கடைசியா நூலகத்துல ஒம்போது பேரு. அதுல ரெண்டு பேரு வரி கட்ட வந்தவங்க." ஜன்னல் பக்கமும் மேடைப் பக்கமும் பார்த்தான். "நவம்பர் தேர்தல்ல நான் யாருக்கு ஓட்டுப் போடறேன்னு உங்கள்ல பாதிப் பேரு தப்பா நினைச்சுட்டிருக்கீங்க. என் பொண்டாட்டியும் அதுல சேர்த்தி. அது என் சொந்த விஷயம். கொட்டகை பொது விஷயம். பெயின்ட் வந்து இறங்கியாச்சு, அது சிவப்பு. டப்பா திறக்கறதுக்கு முன்னாடியே அது எந்தக் கட்சின்னு கேக்கற அளவுக்கு நமக்கு வேல வெட்டி இல்லாம போகல. என் ஓட்டு நீலத்துக்கு எதிர்ப்பு. எழுதிக்கோ பெர்னி."

எழுதிக்கொண்டேன். எதிர்ப்பில் தொண்ணூற்றேழு என்பதை அடித்துவிட்டுத் தொண்ணூற்றெட்டு என்று போட்டேன், குறிப்பேட்டில் அந்த அடித்தலை இன்றும் பார்க்கலாம்.

மேடைப் பக்கத்திலிருந்து "ஊ" என்று ஒரு பெரிய கூச்சல் கிளம்பியது. தொண்ணூற்றேழு பேர் முழுத் தொண்டையோடு போட்ட கூச்சல். நான் எல்வுட்டைப் பார்த்தேன். இடிந்து போயிருப்பான் என்று நினைத்தேன். அவன் கண் மின்னிக்கொண்டிருந்தது. கூச்சல் போட்டவர்களில் ஒருவர்கூடக் கோட்டைத் தொடவில்லை என்பதை அவன் எனக்கு முன்பே கவனித்துவிட்டான்.

பாட்ரிஷியா எழுந்தார். "எல்வுட், நீ பேசினதுலயே மட்டமான பேச்சு இதுதான். அடுத்த தடவை நீ எங்க நிகழ்ச்சி வச்சாலும் நான் வருவேன். முதல் ஜோக்லயே எழுந்து வெளியே போறதுக்குன்னே வருவேன்."

"அவங்க எழுந்து போறதைப் பார்க்க நானும் வரேன்" என்றார் டுவைட்.

"உங்களுக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கணுமா?" என்று பாட்ரிஷியா கேட்டார். கேட்ட பிறகுதான் இருவருக்கும் தாங்கள் சண்டை போடாமல் ஒரு வாக்கியம் பேசிவிட்டது உறைத்தது போலிருந்தது. இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சிவப்புத் தீர்மானம் அதற்குப் பிறகு இருபது ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. நீலக்காரர்கள் சிலர் மாற்றிப் போட்டார்களா, களைத்துப் போய் வீட்டுக்குப் போகலாம் என்று கை தூக்கினார்களா, எனக்குத் தெரியாது.

மறுவாரம் எல்வுட் தீயணைப்புப் படை அலுவலகத்துக்குப் போய் மைக்கைத் திருப்பிக் கேட்டான். கொடுத்ததைக் கேட்கிறாயே என்று அவர்கள் கொஞ்ச நேரம் இழுத்தடித்தார்கள். ஏப்ரல் கடைசியில், சேறு காயாத ஒரு ஞாயிறு மதியம், விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் நிகழ்ச்சி வைத்தான். தூக்கிப் போட்ட ஜோக்கையெல்லாம் திரும்ப எடுத்திருந்தான். நூற்று முப்பது பேர் வந்தார்கள். எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பாதி ஜோக் ஆறு வருடப் பழசு, அதில் வருகிற ஆட்களை யாருக்கும் ஞாபகமில்லை. இந்தப் பக்கம் ஒரு கூச்சல், அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பதினோரு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், அதில் எட்டுப் பேர் காப்பி வந்ததும் திரும்பி வந்தார்கள்.

பாட்ரிஷியா சொன்ன சொல் தவறவில்லை. முதல் ஜோக் முடிந்ததும் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, நேராக நடந்து வெளியேறினார். டுவைட் கை தட்டினார். ஆனால் பாட்ரிஷியா தாழ்வாரத்தைத் தாண்டவில்லை. கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நிகழ்ச்சி முடியும் வரை அங்கேயே நின்றார்.

இடைவேளையில் எல்வுட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். ரொம்பக் கோபமாக இருந்தான்.

"அந்த டீச்சரம்மாகிட்ட போய்ச் சொல்லு பெர்னி. கதவுக்கு வெளியே நின்னு சிரிக்கறாங்க, அந்தச் சிரிப்பு உள்ள வந்து சேர அரை நொடி தாமதமாகுது. நான் அடுத்த வரிய ஆரம்பிச்சுடறேன். என் நேரமே கெட்டுப் போகுது. கோபப்படறதா இருந்தா உள்ள வந்து உக்காந்து கோபப்படச் சொல்லு."

போய்ச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார் பாட்ரிஷியா.